பொம்மை மோகம் நிலைக்குமா?

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து நம் இல்லத்திற்கு வந்த நண்பர் ஒருவர், வழக்கம்போலச் செய்தித்தாளைக் கையில் எடுக்கவில்லை. அமர்ந்ததும் அமராததுமாக ஒரு வழக்கைத் தொடங்கினார். வாதி அவரே, பிரதிவாதி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவருடைய மகள். பெருநாள் பணம், வளைகுடாவிலிருந்து தாய்மாமன் அனுப்பும் அன்பளிப்பு, பேருந்துச் செலவில் மிச்சம் பிடித்த சில்லறை ஆகிய அனைத்தையும் திரட்டி அந்தப் பெண் பொம்மை வாங்குகிறாள். வாங்கி அலமாரியில் அடுக்குகிறாள்.

“பிள்ளை ஆசைப்படுவதைத் தடுக்க மனம் வரவில்லை. ஆனால் இந்த மோகம் நிலைக்குமா, நீங்களே சொல்லுங்கள். நிலைக்காது என்பது எனக்குத் தெரியும். நிலைக்காத ஒன்றுக்கு ஏன் இத்தனை காசு? அவள் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார்.

இரண்டு வாரம் பொறுக்கும்படி மட்டும் அப்போது கேட்டுக்கொண்டோம். அந்த இரண்டு வாரத்தில் நாம் எண்ணிப் பார்த்தவற்றை வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம்.

அந்தப் பெண் சேர்ப்பது லபுபு என்னும் பொம்மை. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்னும் ஓவியர், வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளின் சாயலில் 2015ஆம் ஆண்டில் வரைந்த படக்கதைகளில் உலவிய ஒரு குட்டிப் பூதம் அது. முயலின் காது, உருண்ட கண், வாய் நிறையக் கூரிய பற்கள். 2019இல் பாப் மார்ட் என்னும் சீன நிறுவனம் அதற்கான உரிமையைப் பெற்றது. மூடிய பெட்டியில் இட்டு விற்பது அந்நிறுவனத்தின் வாணிப முறை. உள்ளே எந்த நிறத்துப் பொம்மை இருக்கிறது என்பது காசு கொடுத்துப் பிரித்த பின்னரே தெரியும். பல வரிசைகளில் ஆறு வகையுடன் ஏழாவதாக ஒரு மறைபொம்மையும் உண்டு. 72 பெட்டிகளுக்கு ஒன்றில்தான் அது கிடைக்கும் என்பது கணக்கு. 2024இல் தாய்லாந்துப் பாடகி லிசாவின் கைப்பையில் இப்பொம்மை தொங்கக் கண்ட உலகம் கடைவாசல்களில் வரிசை கட்டி நின்றது. 2025 மே மாதம் பிரிட்டனில் வாடிக்கையாளர்கள் கைகலப்பில் இறங்கியதாகச் செய்திகள் வரவே, அங்குள்ள கடைகளில் விற்பனையை நிறுவனமே நிறுத்திவைக்க நேர்ந்தது. அடுத்த மாதம் பெய்ஜிங்கில் நடந்த ஓர் ஏலத்தில் 131 செ.மீ. உயரமுள்ள லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று.

காசைக் கொடுத்துவிட்டு உள்ளே இருப்பது எதுவென்று தெரியாமல் வாங்கும் இவ்வாணிபத்தில் சூதின் வாடை வீசவில்லையா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வீசத்தான் செய்கிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய மூடுபெட்டிகளை விற்கலாகாது என்று 2023ஆம் ஆண்டில் சீன அரசே நெறிமுறை வகுக்க வேண்டியிருந்தது. அது தனியே ஆராயத்தக்கது. நண்பர் கேட்டது அதுவன்று. மோகம் நிலைக்குமா என்பதே அவர் கேள்வி.

அக்கேள்விக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றாய் முடியப்பட்டிருக்கின்றன என்பது நம் கருத்து. பொம்மையின்மீது கொள்ளும் பிரியம் ஒன்று. பொம்மைகளைச் சேர்க்கும் மோகம் மற்றொன்று. குழந்தை ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அதற்குப் பெயரிடுகிறது; சோறூட்டுகிறது; மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடெல்லாம் திரிகிறது; அடித்துவிட்டு அணைத்துக்கொள்கிறது. தமிழில் பொம்மைக்குப் பாவை என்றும் பெயர் உண்டு. கண்ணின் கருமணிக்கும் அதுவே பெயர். இத்தனை நெருக்கத்தில் வைத்துப் பெயரிட்ட மொழி, பொம்மையைக் கையில் எடுப்பதற்குரிய பொருளாகவே எண்ணியிருக்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளம் பருவத்தில் தோழியரோடு பொம்மைகள் வைத்து விளையாடியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வருவது கண்டு நாணி ஒதுங்கிய தோழியரைப் பெருமானாரே மீண்டும் விளையாட அனுப்பிவைத்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். இறக்கை கட்டிய குதிரைப் பொம்மை ஒன்றைப் பற்றிய செய்தியும் அங்கு உண்டு. உருவங்கள் பற்றிய சட்ட ஆய்வுக்குள் நாம் புகவில்லை. அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். அந்நிகழ்ச்சியில் பொம்மைகள் சிறுமியரின் கைகளில் இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

சேர்ப்பவரின் அலமாரியிலோ பொம்மை கைக்கு எட்டாத பொருளாகிவிடுகிறது. பெட்டியைப் பிரித்தால் விலை குறையும், தொட்டால் கறைபடும், ஒன்று குறைந்தால் வரிசை குலையும். பொம்மையிடம் இருந்த மனம் மெல்ல நகர்ந்து எண்ணிக்கையிடம் போய்விடுகிறது. எண்ணிக்கையிடம் போன மனம் நெடுநாள் அங்கே தங்குவதில்லை என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டை வார்னர் என்னும் அமெரிக்க வணிகர் 1993ஆம் ஆண்டில் ஒன்பது துணிப் பொம்மைகளை அறிமுகம் செய்தார். பீனி பேபிஸ் என்பது அவற்றின் பெயர். பஞ்சுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பிளாஸ்டிக் மணிகளை அடைத்திருந்ததால் அவை கையில் வைத்தால் துவண்டு கிடக்கும். விலை ஐந்து டாலர் அளவில். ஒரு சிறுமி தன் கைக்காசில் வாங்கக்கூடியது. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வார்னர் அவற்றைப் பெரிய அங்காடிகளுக்குக் கொடுக்காமல், சிறு பரிசுக் கடைகளுக்கு அளவாக மட்டும் அனுப்பினார். சில வகைகளுக்கு ‘ஓய்வு’ கொடுப்பதாக அறிவித்துச் செய்வதை நிறுத்தினார். கிடைக்காது என்றவுடன் பொருளுக்கு ஒளி ஏறிவிடுகிறதல்லவா? ஓய்வு பெற்ற பொம்மையின் விலை ஐந்து டாலரிலிருந்து நூறாயிற்று. சில, ஆயிரத்தைத் தாண்டின. பத்து ஆண்டுகளுக்குப் பின் எந்தப் பொம்மை என்ன விலை போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் கையேடுகள் வெளிவந்தன. பொம்மையின் காதில் தொங்கும் காகிதச் சீட்டு கசங்கினால் மதிப்புப் போய்விடும் என்று சீட்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். 1997இல் ஓர் உணவுக் கடை நிறுவனம் இவற்றின் சிறு வடிவங்களைக் குழந்தைகளின் உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது, பொம்மையை எடுத்துக்கொண்டு உணவைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

1999 நவம்பரில் லாஸ் வேகாஸ் குடும்ப நீதிமன்றம் ஒன்றில் நடந்ததை அப்போதைய செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. மணவிலக்குப் பெற்ற கணவனும் மனைவியும் மற்றவற்றையெல்லாம் பிரித்துக்கொண்டனர். தாங்கள் சேர்த்த பீனி பொம்மைகளை மட்டும் அவர்களால் பிரித்துக்கொள்ள முடியவில்லை. அலுத்துப்போன நீதிபதி, மூட்டையை நீதிமன்றத்திற்கே கொண்டுவரச் சொல்லித் தரையில் கொட்டச் செய்தார். அவ்விருவரும் எல்லோர் முன்னிலையிலும் குந்தி அமர்ந்து, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என மாறி மாறிப் பொறுக்கினார்கள். அப்படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டுப் பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு நாளேனும் விளையாடியிருப்பார்களா என்ற எண்ணமே தோன்றியது.

அதே ஆண்டின் இறுதியோடு பீனி பொம்மைகள் அனைத்துமே நிறுத்தப்படும் என்று வார்னர் அறிவித்தார். பின்னர், தொடரலாமா வேண்டாமா என்று பொதுமக்களிடமே கட்டணம் வைத்து வாக்குக் கேட்டார். தொடருமாறு பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் கேட்டனர், பொம்மைகளும் தொடர்ந்தன. ஆனால் மோகம் தொடரவில்லை. நிற்கப்போகிறது என்பதால் எரிந்த நெருப்பு, நிற்காது என்றதும் அணைந்துவிட்டது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று எண்ணி வீட்டின் அடித்தளத்தில் அடுக்கிவைத்த பெட்டிகள் வாங்குவாரின்றிக் கிடந்தன. லபுபுவின் வரலாறும் ஏறக்குறைய அவ்வழியிலேயே செல்லக் காண்கிறோம். ஏலத்தில் அது உச்சவிலை கண்ட அதே 2025 ஜூனில், நிறுவனம் சரக்கைத் தாராளமாக வெளியிட்டவுடன் மறுவிற்பனைச் சந்தையில் விலை சரிந்தது. எளிதில் கிடைக்கும் என்றதும் விரும்பியவர்களின் ஆர்வம் குன்றியது என்றால், அவர்கள் விரும்பியது எதனை?

ஆகவே நண்பரின் முதற்கூற்று பெரும்பாலும் சரியே. இந்த மோகம் நிலைக்காது. ஆனால் அவருடைய இரண்டாவது கூற்று அதிலிருந்து பிறக்கிறதா? நிலைக்காதது என்பதாலேயே ஒன்று வீண் ஆகிவிடுமா?

இவ்விடத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். சிறு வயதில் நாம் தீப்பெட்டிப் படங்கள் சேர்த்தோம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிகளில் வந்த புலி, மயில், மூன்று ரோஜா, கப்பல் ஆகியவற்றை நீரில் ஊறவைத்து உரித்து, பழைய கணக்கு நோட்டில் ஒட்டினோம். தேநீர்க் கடைவாசலில் எறியப்பட்ட காலிப் பெட்டிக்காக உடன் பயின்ற ஒருவனோடு சண்டையிட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டதும், அதற்காக உம்மா கொடுத்த அடியும் நினைவில் இருக்கின்றன. அந்த மோகம் என்று தொடங்கியது என்பது நமக்குத் தெரியும். என்று முடிந்தது என்பது தெரியவில்லை. முடிந்த நாளை எவரும் குறித்துவைப்பதில்லை. எனினும் நிறங்களையும் எழுத்து வடிவங்களையும் உற்றுநோக்கும் பழக்கம் அந்த நோட்டிலிருந்து வந்தது என்றே எண்ணுகிறோம்.

சங்கப் பாடல்களில் வரும் நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரையின் ஈர மணலால் வண்டற்பாவை செய்து விளையாடினர். அலை வந்து அதைக் கொண்டுபோயிற்று. பாவையைப் பறித்த கடலின்மீது சினம்கொண்டு, கடலையே தூர்த்துவிடுவதுபோல மணலை வாரி எறிந்த ஒரு சிறுமியை ஐங்குறுநூறு காட்டுகிறது. அவளிடம் அலமாரி இல்லை; அவளுடைய பாவை ஒரு பொழுதுகூட நிலைக்கவில்லை. அதனால் அவளுடைய பிரியம் பொய் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

மறுபுறம், வாழ்நாள் முழுவதும் நிலைத்த பொம்மை மோகமும் உலகில் இருந்திருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செம்புச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் குவித்து செனட்டராகவும் இருந்த வில்லியம் கிளார்க்கின் மகள் யூகெட் கிளார்க், 1906இல் பாரிஸில் பிறந்தவர். இளமையில் செய்துகொண்ட மணம் விரைவிலேயே முறிந்தது. 1963இல் தாயும் மறைந்தபின் அவர் வெளியுலகத் தொடர்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டார். நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் அவருக்கு மூன்று பெரிய குடியிருப்புகள். கலிபோர்னியாவின் கடலோரத்தில் ஒரு மாளிகை. கனெக்டிகட்டில் வாங்கி ஒருநாளும் வாழாத மற்றொரு மாளிகை. மனிதர்கள் இல்லாத அவ்வீடுகளில் பொம்மைகள் இருந்தன. பழைய பிரெஞ்சுப் பீங்கான் பொம்மைகள், ஜப்பானின் ஹினா பொம்மைகள், அவற்றுக்குக் கைவினைஞரைக் கொண்டு செய்வித்த சிறு வீடுகளும் கோட்டைகளும், பாரிஸின் பெயர்பெற்ற ஆடையகத்தில் தைத்த உடுப்புகள். பொம்மை வீடு ஒன்றின் கூரை தாழ்ந்திருப்பதால் உள்ளே வசிப்பவர்களின் தலை இடிக்கிறது என்று அதைச் செய்த தச்சருக்கு அவர் செய்தி அனுப்பியதாகச் சொல்வர். 1991இல் சிகிச்சைக்காக மருத்துவமனை சென்றவர், உடல் தேறிய பின்னும் வீடு திரும்பவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மருத்துவமனை அறை ஒன்றிலேயே வாழ்ந்து, 2011 மே மாதத்தில் 104ஆம் வயதில் காலமானார். அங்கும் பொம்மைகள் பற்றிய ஏலப் பட்டியல்கள் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தன.

இப்பெண்மணியைப் பித்தர் என்று ஒதுக்குவது எளிது. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். வேலை செய்த கைவினைஞர்களுக்கும் அறிந்தவர்களுக்கும் அவர் வாரி வழங்கினார். தம்மைப் பேணிய செவிலி ஒருவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும் அவர் அளித்த பொருளின் மதிப்பு 3 கோடி டாலருக்கும் மேல். அந்தத் தலை இடிக்கும் செய்தியைப் பாருங்கள். விலையைப் பற்றிக் கவலைப்படுபவர் பேசும் பேச்சா அது? குழந்தைக்குரிய பிரியத்தை அவர் நூறாண்டு காத்துக்கொண்டார். மோகம் நிலைத்தது. ஆயினும் அந்த வரலாற்றைப் படித்து முடிக்கும்போது நம் நெஞ்சில் மகிழ்ச்சி பிறக்கவில்லை. மனிதர்கள் வந்துபோகும் வாசலை அடைத்துவிட்டு நிலைத்த மோகம் அது. நண்பரின் கேள்வியே சற்றுப் பிழையானது என்று நமக்குப் பட்டது இவ்வரலாற்றைப் படித்த பின்னர்தான். தம் மகளின் மோகம் நிலைக்க வேண்டும் என்றா அவர் விரும்புகிறார்? நூறு வயது வரை அது நிலைத்திருந்தால் அவருக்கு நிம்மதி கிடைக்குமா?

அவர் இறந்தபின் உயில் குறித்து நெடிய வழக்கு நடந்தது. பொம்மைகள் அந்தச் செவிலிக்கு என்று உயில் கூறியது. 2013இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அவை அறக்கட்டளை ஒன்றின் கைக்குச் சென்றன. பேசாத பொம்மைகளுக்கு வழக்கறிஞர்கள் பேசினர் என்பதை எண்ணும்போது சற்றே நகைப்பும் வருகிறது.

சேர்த்தவர்களுக்குப் பின்னும் நிலைத்த தொகுப்புகள் சில உண்டு. தில்லியில் உள்ள சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பலர் பார்த்திருக்கலாம். காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை, தம் வார இதழின் சார்பில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டிகள் நடத்தி வந்தார். 1950களின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்து, அதைப் போட்டிப் பரிசுகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுமாறு கூறினார். அந்தப் பொம்மையின் மீது சங்கருக்கே ஆசை பிறந்துவிட்டது. அதன்பின் பிரதமர் நேருவோடு செய்தியாளர் குழுவில் அயல்நாடு செல்லும்போதெல்லாம் ஒரு பொம்மையுடன் திரும்பினார். ஐந்நூறு சேர்ந்தபோது அவற்றை வீட்டில் பூட்டிவைத்திருக்கலாம். அவரோ குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் எடுத்துச்சென்று ஏழைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கட்டுவதிலும் பிரிப்பதிலும் பல பொம்மைகள் பழுதடைந்தன. சேர்ப்பவர் எவரும் அஞ்சும் இழப்பு அது. அவ்விழப்பே நிலையான ஓர் இடத்தின் தேவையை உணர்த்தியது. அதை எடுத்துச் சொன்னவர் இந்திரா காந்தி என்பர். 1965 நவம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அங்கேயே ஒரு பட்டறை அமைத்து, இந்திய மாநிலங்களின் உடையணிந்த பொம்மைகளைச் செய்து, அவற்றைக் கொடுத்துப் பிற நாட்டுப் பொம்மைகளைப் பெற்றனர். 85 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே சேர்ந்தன. சங்கர் 1989இல் மறைந்தார், பொம்மைகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலும் இதுபோல் ஒன்று உண்டு. செல்வந்தரின் ஒரே மகளாய்ப் பிறந்த மார்கரெட் ஸ்ட்ராங், சிறுமியாகப் பெற்றோருடன் உலகைச் சுற்றியபோது வாங்கும் பொருள்களை இட்டுக்கொள்ள ஒரு சிறு பை மட்டுமே அனுமதிக்கப்பட்டதாம். பைக்குள் அடங்கும் சிறு பொருள்கள்மீது பற்று வளர்ந்தது அதனால்தான் என்று அவரே சொன்னதுண்டு. 1969இல் அவர் இறந்தபோது பொம்மைகள் மட்டும் 20,000க்கும் மேல். 1982இல் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பின்னர் அது விளையாட்டைப் பற்றிய அருங்காட்சியகமாக மாறிற்று. புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள்களைச் சிறப்பிக்கும் மன்றம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் பார்பிப் பொம்மை 1998இல் இடம்பெற்றது, 2005இல் வெறும் அட்டைப்பெட்டிக்கு இடம் கிடைத்தது, 2008இல் மரக்குச்சிக்கு. பெட்டி பிரிக்காத பொம்மையைக் காக்கும் அன்பர்கள், பொம்மையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெட்டிக்குள் போய் உட்காரும் குழந்தையைப் பார்த்திருப்பார்களோ என்னவோ!

நம் ஊரிலேயே அண்டை வீடுகளில் காணும் நவராத்திரிக் கொலுவையும் இங்கு நினைக்கிறோம். பாட்டியின் மரப்பாச்சி, தாயார் பண்ணுருட்டியில் வாங்கிய மண் செட்டியார், பேத்தி சேர்த்த பிளாஸ்டிக் ரயில் எல்லாம் ஒரே படியில் நிற்கும். ஆண்டில் சில நாள் வெளியே வந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணில் பட்டு, சுண்டல் வாசனையோடு மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். சில வீடுகளில் மூன்று தலைமுறையாக இது நடக்கிறது. மோகம் என்ற சொல் அவ்வீட்டாருக்குப் பொருந்தாது. அவர்கள் அதைக் கடமைபோலச் செய்கிறார்கள், சில ஆண்டு அலுத்துக்கொண்டும் செய்கிறார்கள்.

இறுதியாக, நம்மை மிகவும் உலுக்கிய ஒரு வரலாறு. 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவை அடைத்தது. இரு நாடுகளுக்கிடையே கசப்பு மூண்டது. ஜப்பானில் பல்லாண்டு வாழ்ந்த சிட்னி கியூலிக் என்னும் அமெரிக்க மதபோதகர், பெரியவர்களால் ஆகாததைக் குழந்தைகளைக் கொண்டு செய்ய எண்ணினார். அமெரிக்கச் சிறுவர்கள் காசு சேர்த்து, ஆடை தைத்து, 12,739 பொம்மைகளை 1927இல் ஜப்பானுக்கு அனுப்பினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், ஒரு கடவுச்சீட்டும், ஒரு கடிதமும் உண்டு. மார்ச் 3ஆம் நாள் நடக்கும் ஜப்பானியச் சிறுமியரின் பொம்மைத் திருவிழாவுக்கு முன் அவை தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பதிலாக ஜப்பான் 58 பெரிய பொம்மைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. நீலக்கண் பொம்மைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடி வரவேற்றனர்.

பின்னர்ப் போர் வந்தது. 1943 அளவில் அந்தப் பொம்மைகள் பகைநாட்டுப் பொம்மைகளாயின. அவற்றை அழிக்குமாறு கூறப்பட்டது. வரவேற்றுப் பாடிய அதே பள்ளி முற்றங்களில் அவற்றை எரித்தார்கள். மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். பதினாறு ஆண்டுகளில் ஒரு நாட்டின் பொம்மை மோகம் சாம்பலானது. ஆயினும் சில பள்ளிகளில் சில ஆசிரியர்கள் அவ்வாறு செய்யவில்லை. கண்டறியப்பட்டால் தேசத் துரோகி என்ற பெயர் வரும் என்று தெரிந்தும், துணியில் சுற்றிப் பரணிலும் அலமாரியின் பின்புறத்திலும் ஒளித்துவைத்தனர். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துப் பழைய பொருள்களைப் புரட்டியபோது அவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இன்று 300க்கும் மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன.

அவ்வாசிரியர்கள் எவரும் பொம்மை சேர்ப்பவர்கள் அல்லர். அவர்கள் காத்ததோ ஒரே ஒரு பொம்மை, அதுவும் தம்முடையதன்று. அதற்குச் சந்தையில் விலை இல்லை. வெளியே காட்டிப் பெருமைப்படவும் வழியில்லை. என்றேனும் ஒருநாள் அதைத் திரும்ப எடுப்போம் என்ற உறுதியும் இருந்திருக்காது. பிள்ளைகள் ஒருகாலத்தில் பெயர் சொல்லி அழைத்த ஒன்றைத் தீயில் இடக் கை எழவில்லை, அவ்வளவுதான். பொம்மை மோகத்திற்கும் இதற்கும் என்ன பெயர் வேறுபாடு என்று நாம் தேடிப் பார்த்தோம். தக்க சொல் அகப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து நாமே நண்பரின் இல்லத்திற்குச் சென்றோம். பழைய சாமான்காரர் யோசனையைக் கைவிடுமாறு அவரிடம் தனியே கூறினோம். செலவுக்கு ஒரு வரம்பு கட்டுவது தந்தையின் உரிமை. அதை முகத்துக்கு நேரே பேசிக் கட்டுங்கள். அவள் இல்லாத நேரத்தில் மூட்டை கட்டுவது அவ்வுரிமையில் அடங்காது. மோகம் தானே போய்விடும், நீங்கள் செய்த காரியம் அவள் மனத்திலிருந்து போகாது என்றோம். அவர் முழு மனத்தோடு ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. “நீங்களும் அவள் பக்கம்தானா?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் கொண்டுவர உள்ளே குரல் கொடுத்தார்.

அந்தப் பெண் அலமாரியைத் திறந்து காட்டினாள். பதினொரு பெட்டிகள், அவற்றுள் நான்கு பிரிக்கப்படாதவை. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டோம். “பிரித்தால் விலை போய்விடும் சாச்சா” என்றாள். பிரித்தவற்றுள் ஒன்றின் காது மட்டும் கசங்கி அழுக்கேறியிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வரும்போதெல்லாம் அதைத்தான் கேட்டு வாங்கிக் கடிக்கிறதாம். துவைத்தால் போகுமா என்று பார்த்தாளாம், போகவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு வருத்தம் தெரியவில்லை.

நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்த கதையை அவளுக்குச் சொன்னோம். ஆர்வத்தோடு கேட்டவள், “அந்த நோட்டு இப்போது எங்கே?” என்றாள். வீடு மாறியபோது போயிருக்கலாம் என்று தொடங்கி, அது உண்மைதானா என்று நமக்கே ஐயம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டோம்.